ரவீந்திராவின் மண்டையில் நின்ற தண்ணீர்

லம்பாசாவில் அந்த வருஷம் இரண்டு செய்திகள் பரவின. ஒன்று, கடல் தாண்டித் தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அரசாங்கத்தையே பூட்டி வைத்துவிட்டார்கள் என்பது. அது உண்மை என்பதால் ஜனங்களுக்குச் சீக்கிரம் சலித்துவிட்டது. மற்றொன்று, கரும்பு லாரி ஓட்டும் ரவீந்திராவின் மண்டைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்பது. பதினாலு வருஷம் தீமிதியில் கரகம் சுமந்தாரே, அந்தச் செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்துவிட்டதாம். வளைவில் லாரியைத் திருப்பினால் களுக்கென்று சத்தம் கேட்கிறதாம்.

இதைச் சரிபார்க்காமல் விட முடியுமா? முடிவெட்டும் இப்ராஹிம், ரவீந்திராவின் இடது காதுக்கு மேலே தன் காதை ஒட்டிவைத்தே பார்த்துவிட்டார்.

"ஒரு சத்தமும் இல்ல பையா. உள்ள ஆள் இருக்கிற மாதிரியே தெரியல."

இன்னும் கொஞ்சம் விசாரித்தால், வதந்தியின் ஊற்று ரவீந்திராவின் வீட்டிலேயே இருந்தது. தண்ணீர் விஷயத்தை ஊருக்குச் சொன்னவர் அவரேதான். கரகத்தை மட்டும் ஊர் சேர்த்துக்கொண்டது.

காரணம் ஆக்லாந்தில் இருந்தது. அங்கே காய்கறிக் கடை வைத்திருந்த மச்சான் தர்மேந்திரா, தங்கை சுஷீலாவையும் அவள் புருஷனையும் வரவழைக்கக் காகிதம் போட்டிருந்தார். மச்சான் டெலிபோனில்கூட ரவீந்திராவை "டிரைவர்" என்றுதான் கூப்பிடுவார். இங்கே அரவைக் காலத்தில் மில் வாசலில் நாற்பது லாரி வரிசையில் நிற்கும். எவன் முந்தினான் என்று சண்டை வந்தால் ரவீந்திரா சொல்வதே தீர்ப்பு. அங்கே போனால் மச்சானின் வேனில் முட்டைக்கோஸ் ஏற்ற வேண்டும். யார் போவது?

சுஷீலாவோ போயே தீர வேண்டும் என்று நின்றாள். சுவாச் செய்தி வந்த கையோடு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கும்பல் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவள் கரும்புக் கத்தியைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுத்தாள். "கத்தி இருக்கே, பயம் என்னா?" என்று ரவீந்திரா சிரிப்பார். தூங்கியது அவர் மட்டும்தான்.

விசாவுக்கு உடம்பைச் சோதித்த லம்பாசா டாக்டர் நெற்றித் தழும்பைப் பார்த்தார். லாரிக் கம்பி அடித்தது என்று ரவீந்திரா சொல்ல, எதற்கும் ஒரு ஸ்கேன் என்று சுவாவுக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் ஷஹீன், சுவாவை ஒட்டிய லாமி ஊர்க்காரி, அரைத் தமிழும் அரை ஹிந்தியுமாகப் பேசுகிற பெண், படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். இடது நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கருப்பாக ஒன்று தெரிந்தது.

"அங்கிள், மூளைக்கு மேல மூணு போர்வை உண்டு. நடுப் போர்வை சிலந்தி வலை மாதிரி மெல்லிசு. சில பேருக்குத் தாய் வயித்துலயே அது ரெண்டாப் பிரிஞ்சு, நடுவுல தண்ணி நின்னுக்கும். எல்லார் மூளையைச் சுத்தியும் இருக்கிற அதே தண்ணிதான். ரொம்பப் பேருக்கு இந்தப் பொட்டுப் பக்கம். சில பேருக்குப் பின்மண்டையில, சில பேருக்கு நடுவுல."

"கம்பி அடிச்சதாலயா?"

"அடிபட்டு வர்றதும் உண்டு, கம்மி. இது பொறவியிலயே வந்தது. கம்பி காட்டிக் குடுத்துச்சு, அவ்வளவுதான்."

"யாருக்கு வரும் பேட்டி இது?" மகளே என்பதை ரவீந்திரா ஹிந்தியில்தான் சொல்வார்.

"யாருக்கும் வரலாம். பொம்பளைங்களைவிட ஆம்பளைங்களுக்கு ஜாஸ்தி. முக்காவாசிப் பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது."

"ஆம்பளைங்க மண்டையில தண்ணின்னு கண்டுபிடிக்க மிஷினு எதுக்கு?" என்றாள் கூட வந்திருந்த சுஷீலா. "என்னைக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்."

தலைவலி, வாந்தி, வலிப்பு உண்டா என்று இரண்டு வாரம் கவனித்துவிட்டு வரச் சொன்னாள் ஷஹீன். அதற்குப் பிறகே நியூசிலாந்துக்குக் கடிதம் எழுதுவாளாம். தலைவலி என்று சொன்னால் விசா நின்றுவிடும் என்று ரவீந்திராவுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஊரில் காட்ட வேண்டும் என்று படத்தைக் கேட்டார். ஷஹீன் தன் பேரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தாள்.

"பத்திரமாத் திருப்பிக் குடுத்துடணும் அங்கிள்."

"குடுக்காம எங்க போவேன்?"

லம்பாசாவில் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கும் இடமெல்லாம் அந்தப் படம் சுற்றியது. குடிப்பவர்கள் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு அதை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்கள். கோயில் செயலாளர் ராமசாமி வாங்கி, தலைகீழாகப் பிடித்து, நெடுநேரம் ஆராய்ந்தார்.

"கரகம் உக்கார்ற எடம் உச்சி. அங்கேர்ந்து வழிஞ்சு பொட்டுப் பக்கம் தங்கிடுச்சு. சரியாத்தான் கீது."

பொறவி என்று ஷஹீன் சொன்னதை ரவீந்திரா யாரிடமும் சொல்லவில்லை. கமிட்டி கூடி, இனிமேல் கரகத்தில் அரைச் செம்பு தண்ணீர்தான் என்று தீர்மானம் போட்டது. ரவீந்திரா இரண்டு வாரமும் வீட்டில் முனகிப் பழகினார். புருவத்தைச் சுருக்குவது நன்றாக வந்துவிட்டது.

படம் ராமசாமி வீட்டில் இருக்க, கணவனும் மனைவியும் மறுபடி கப்பலேறிச் சுவா போனார்கள்.

ஷஹீன் பேனாவைத் திறந்தாள். "தலைவலி உண்டா அங்கிள்?"

ரவீந்திரா புருவத்தைச் சுருக்கினார். அந்த நேரம் பார்த்து வெளியே தாழ்வாரத்தில் யாரோ ஒரு இரும்புத் தட்டைக் கீழே போட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. சுஷீலா சுவரோடு ஒட்டி நின்றாள். ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, தன்னோடு அவரையும் ஒளித்துக்கொள்ளப் பார்ப்பதுபோல. மறு கை பைக்குள் எதையோ தேடியது.

தட்டுதான் என்று தெரிந்ததும் அவள் சிரித்தாள். கை மட்டும் காலரை விடவில்லை.

"அங்கிள்? தலைவலி?"

"எனக்கா?" என்றார் ரவீந்திரா. "எனக்கெதுக்கும்மா தலைவலி? கல்லு மாதிரி கீறேன். எழுதிக்கோ."

"வாந்தி?"

"கப்பல்ல. அது எல்லாருக்கும்தான்."

ஷஹீன் எழுதினாள். பயப்பட ஒன்றுமில்லை, வைத்தியமும் தேவையில்லை, ஓடவும் ஓட்டவும் தடையில்லை என்று. பிறகு படத்தைக் கேட்டாள்.

"அடுத்த கப்பல்ல அனுப்பிடறேன் பேட்டி."

மூன்று மாதத்தில் விசா வந்தது. லாரியை விற்று, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, நாடி விமான நிலையத்தில் விமானம் ஏறினார்கள். ஆக்லாந்தில் சுஷீலா முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். எழுப்ப வந்த அண்ணனை ரவீந்திரா வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். முட்டைக்கோஸ் ஏற்றுகிறார். மச்சான் இன்னும் "டிரைவர்" என்றுதான் கூப்பிடுகிறார்.

பெட்டியைப் பிரித்தபோது அடியில் அந்தப் படம் இருந்தது. ராமசாமி கடைசி நேரத்தில் கொண்டுவந்து திணித்திருக்கிறார். ரவீந்திரா சுவாவுக்கு டெலிபோன் போட்டார்.

"டாக்டர் ஷஹீன் போயிட்டாங்களே," என்றது மறுமுனை. "ஆஸ்திரேலியா. பிரிஸ்பேனோ, பெர்த்தோ."

"படம் ஒண்ணு குடுக்கணும்."

"அவங்க பேர்ல வாங்கினதா? அப்போ அவங்ககிட்டதான் குடுக்கணும்."

படம் அலமாரியின் மேலே, மடங்காமல் இருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. பிரிஸ்பேனிலோ பெர்த்திலோ யாராவது ஊர்க்காரர் இருப்பதாகத் தெரிந்தால், ரவீந்திரா முதலில் கேட்பது அங்கே லாமிக்கார டாக்டர் யாராவது உண்டா என்றுதான். இதுவரை ஒருவரும் உண்டென்று சொல்லவில்லை.