பூசினாற்போல் என்றொரு சொல்

அந்த விளம்பரத்தை எழுதியவன் நான். உடம்பை இளைக்க வைக்கும் பொடி என்று சொல்லி, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பொட்டலம் கட்டி விற்ற சரக்கு அது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை வீடுவீடாகப் போன அதன் நோட்டீஸில் ஒவ்வொரு வரியும் என்னுடையது. யாரும் என்னை ஏமாற்றி எழுதி வாங்கவில்லை. தெரிந்தே எழுதினேன். அதைப் படித்துவிட்டுச் சோற்றை ஒதுக்கியவர்களில் ஒருத்தி என் மகள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருமுல்லைவாயிலில் குடியிருந்தோம். பகலில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கடிதப் பிரிவில் வேலை. தமிழில் எம்.ஏ. படித்தவன் என்பதால், மாலையில் அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் பிழை திருத்திக் கொடுப்பேன். பொடி முதலாளி அங்கேதான் பழக்கம்.

முதலில் நான் எழுதிக் கொடுத்தது அடக்கமான வாசகம். உடல் பருமனால் அவதிப்படுகிறவர்களுக்கு நல்ல நிவாரணம் என்கிற ரீதியில். அவர் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

"இன்னா வாத்யாரே, ஆஸ்பத்திரி போர்டு மாறி கீது. குண்டா கீறவ எத்தினி பேரு இருப்பா? அவங்களுக்கு மட்டும் வித்தா நான் கடைய மூட வேண்டியதுதான். நல்லா கீறவளும் கண்ணாடி முன்னால போய் நிக்கணும். அந்த மாறி ஒரு வார்த்த குடு."

இரண்டு நாள் யோசித்தேன். இரண்டாம் நாள் மாலை, வீட்டில், அந்தச் சொல் வந்தது. பூசினாற்போல்.

எங்கள் வீடுகளில், அளவாகச் சதை போட்ட உடம்புக்கு அது பாராட்டு. காய்ச்சலில் கிடந்து தேறியவளை, பிள்ளை பெற்று அம்மா வீட்டிலிருந்து திரும்பியவளை, வளர்ந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து வயிறு குளிர்ந்து சொல்கிற சொல். அதில் பயத்தை ஏற்றினேன். 'பூசினாற்போல் இருக்கிறீர்களா? இன்று பூசினாற்போல். நாளை?' அவ்வளவுதான். முதலாளி தொடையில் தட்டிக்கொண்டார். இதற்குத்தான் படித்த ஆள் வேண்டும் என்று அச்சகத்துக்காரரிடம் என்னைப் புகழ்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நோட்டீஸின் கீழே 'முன்', 'பின்' என்று இரண்டு படங்கள். இரண்டும் வேறு வேறு பெண்கள். காது மடலைப் பார்த்தாலே தெரியும். ப்ரூஃபில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது, அதைப் போட்டேன். படத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

செய்தித்தாளுக்குள் மடித்து வந்தது. கேபிள் டிவியில் இரண்டு பாட்டுக்கு நடுவே வந்தது. ஆட்டோவில் மைக் கட்டி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பெண் குரல் கேட்டுக்கொண்டே போனது: பூசினாற்போல் இருக்கிறீர்களா?

என் மகள் அப்போது பிளஸ் டூ. தீபாவளிக்குப் புதுத்துணி உடுத்தி வந்து நிற்கும்போதெல்லாம் அவளைப் பார்த்து நான் சொல்வது ஒன்றுதான். "பூசினாப்ல இருக்காடி என் பொண்ணு." அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வேன். வேறு பாராட்டு எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவள் வெள்ளிக்கிழமை விரதம் தொடங்கினாள். பிறகு செவ்வாய். பிறகு சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். பசியில்லை என்று சொல்கிற பெண்ணுக்கு எங்கள் வீட்டில் திட்டு விழும். விரதம் என்று சொல்கிறவளின் தட்டை மரியாதையோடு எடுத்து வைத்துவிடுவோம். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பாவாடை நாடாவுக்கு மேல் ஊக்கு குத்திக்கொண்டாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பரீட்சைக் கவலை என்று சொல்லிக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் மனைவி மதில்மேல் கையூன்றிக் கேட்டாள். "இன்னாக்கா, உம்பொண்ணு சாமியாராப் பூடப் போறாளா? எங்கூட்டுது கோயிலுக்கு வர்றதே சுண்டலுக்குத்தான்." என் மனைவி பூரித்துப்போனாள். நான் ஆபீஸில்கூடச் சொன்னேன், ஒரு வெள்ளி தவறவிடமாட்டாள் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பிராகாரத்தில் விழுந்தாள். அம்பத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் என் மனைவியைக் கேட்ட முதல் கேள்வி: "இவ கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்சா?"

மனைவி விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். அந்த மூன்று நாள் எங்கள் வீட்டில் பெண்கள் விளக்கைத் தொடமாட்டார்கள், கோயில் படி ஏறமாட்டார்கள். என் மகள் ஐந்து மாதமாக ஒரு வெள்ளி தவறவில்லை. அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தோம். எப்படித் தவறாமல் போக முடிந்தது என்று பெற்ற இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இது விரதம் இல்லம்மா, பட்டினி" என்றார் டாக்டர்.

மகளை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு, மாற்றுத்துணிக்காக அவள் பெட்டியைத் திறந்த மனைவி, அடியில் மடித்திருந்த நோட்டீஸை எடுத்து என் கையில் வைத்தாள். அந்த ஒரு சொல்லைச் சுற்றிப் பேனாவால் வட்டம்.

மகள் கட்டிலில் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "நீங்க எழுதினதுதானேப்பா. ப்ரூஃப் நம்ம வீட்டு மேஜையிலதான இருந்துச்சு. என்னப் பாத்துத்தான எழுதினீங்க?"

"இல்லம்மா" என்றேன்.

மறுநாளே முதலாளியிடம் போனேன். நோட்டீஸை நிறுத்தச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உம்பொண்ணு நம்ம பொட்டலம் ஒண்ணாவது வாங்கினாளா, சொல்லு. இல்லேல்ல? அப்புறம் எங்கிட்ட இன்னாத்துக்கு வந்துகீறே? நீ எழுதாட்டி இன்னொருத்தன் எழுதுவான்."

அவர் சொன்னது உண்மை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பற்றி எரிவது அதனால்தான். அவள் பொடி வாங்கவே இல்லை. பொடியில் என்ன கலந்திருந்ததோ தெரியாது, அது அவள் வாயில் படவே இல்லை. அவளைத் தின்றது என் வாக்கியம். கண்ணாடி முன்னால் நிறுத்த வேண்டும் என்றார், நிறுத்திக் கொடுத்தேன். இன்று பேரப்பிள்ளைகளின் கைபேசியில் அதே வாக்கியம் வேறு முகத்தோடு ஓடுகிறது. எழுதியவன் எங்கோ ஓர் அறையில் நல்ல சொல் கிடைத்த மகிழ்ச்சியில் காபி குடித்துக்கொண்டிருப்பான். அவன் கையை முறிக்க வேண்டும்போல் இருக்கிறது. முதலில் முறிக்க வேண்டியது என் கையை.

நானே ஒரு நோட்டீஸ் அடித்தேன். என் பெயரும் விலாசமும் போட்டு, அந்தப் பொடி விளம்பரத்தை எழுதியது நான், படங்கள் பொய், பூசினாற்போல் இருப்பது நோயல்ல, யாரும் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள் என்று. அதே அச்சகம், அதே செய்தித்தாள் ஏஜென்ட். மூன்றாம் நாள் காட்டுப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாள். பெண் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. அம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பொடி எங்கண்ணா கெடைக்கும்? நீ கடை அட்ரஸ் போடாம உட்டுட்டியே. இவளுக்கு வரன் வந்துகீது."

அந்த அம்மாளிடம் விவரமாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டினாள். போகும்போது மறுபடியும் விலாசம் கேட்டாள். பொடி நன்றாகத்தான் விற்றது.

அவர்கள் போன பிறகு என் மகளிடம் போனேன். அன்று பொய் சொன்னேன் என்றேன். இரண்டாம் நாள் மாலை நான் சொல் தேடிக்கொண்டிருந்தபோது நீ காபி கொண்டுவந்து வைத்தாய், உன்னைப் பார்த்தேன், வந்துவிட்டது என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். "நிமுந்து பாத்தீங்க. ஒடனே பேனாவ எடுத்தீங்க." பிறகு, "இனிமே நான் சாப்பிடறப்போ நீங்க பாக்காதீங்க" என்றாள்.

தேற வருஷங்கள் ஆயின. பட்டணத்தில் மனநல மருத்துவரிடம் என் மனைவிதான் கூட்டிப்போனாள். கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். பிழைத்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். எலும்பு மட்டும் இந்த வயசிலேயே கிழவி எலும்பு. போன வருஷம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது.

இப்போது வானகரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். எனக்கு முதலில் பரிமாறுவாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பால்கனிக்குப் போய் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவேன். தட்டைத் தொட்டியில் போடும் சத்தம் கேட்டபிறகுதான் உள்ளே வருவேன். சில வாரம் அந்தச் சத்தம் சீக்கிரம் கேட்டுவிடுகிறது. எவ்வளவு சாப்பிட்டாள் என்று நான் கேட்பதில்லை.