கொலைகாரனுக்குப் பிறகு அப்பா

அந்தத் துறவிகள் படத்தை நானும் என் மனிசனும் எத்தனை தரம் பார்த்தோமோ! கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் பார்த்தோம். இப்போது கனடாவிலை, விட்பியில் பெரிய வீடு, பெரிய ரீவி. அஜின்கோர்ட் அப்பார்ட்மென்டில் இருந்த அந்தப் பழைய வீடியோ டெக்குக்குத்தான் மனம் ஏங்குகிறது.

தொண்ணூறுகளில் எனக்கு உயிரான சாமான் ஒன்றே ஒன்று, எங்கள் கலியாண வீடியோக் கசெற். கொழும்பில் எடுத்தது. இங்கத்தைய டெக்கில் ஓடாதென்று கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தோம். மூலக் கசெற் பூஞ்சணம் பிடித்துப் போனது. கலியாணத்துக்கு அடுத்த வருசமே அப்பா போய்ச் சேர்ந்தார். அவர் நடப்பதையும் சிரிப்பதையும் பார்க்க எனக்கு வேறு வழியில்லை.

மனிசனுக்குத் துப்பறியும் கதையென்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒரு ஞாயிறு மத்தியானம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், ரீவியில் மொட்டைத்தலைத் துறவிகள் ஓடுகிறார்கள். அந்தக் காலத்து மடமாம், ஒவ்வொருவராகச் சாகிறார்களாம். முதல்நாள் ரீவியில் போனதைப் பதிந்து வைத்தாராம்.

"எந்தக் கசெற்றிலை பதிஞ்சனீங்கள்?"

"உதிலை கிடந்த வெறுங் கசெற்றிலை. பேரொண்டும் எழுதியிருக்கேல்லை."

மேசையில் கிடந்த உறையைப் பார்த்தேன். மூலை கிழிந்த அதே உறை.

"உங்களுக்கென்ன விசரே? அது எங்கடை கலியாணம்! அதுக்குள்ளை என்ரை அப்பா!"

மனிசன் முன்னுக்கு ஓட்டிப் பார்க்க ரிமோட்டை எடுத்தார். பறித்துவிட்டேன். கசெற்றில் அப்பா மிஞ்சவில்லை என்பதை அவ்வளவு கெதியாகத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. எப்போதும் நான் வந்த பிறகுதான் இருவரும் சாப்பிடுவோம். அன்று சோறும் மீன்குழம்பும் அடுப்பிலேயே ஆறின.

தாலி கட்டினது, ஐயர், மேளம் எல்லாம் துறவிகளுக்கு அடியில் போயிருக்கும். போகட்டும், தாலி கட்டினவர் பக்கத்தில்தானே நிற்கிறார். அப்பா வருவது கடைசியில், பந்தியில். படம் எவ்வளவு நீளமோ அவ்வளவு கலியாணமும் அழிந்திருக்கும்.

"கொலைகாரனைப் பிடிச்சு முடியுங்கோவனடா!" என்று ரீவியைப் பார்த்துக் கத்தினேன்.

ஒருவழியாக மடம் எரிந்தது, பெயர்கள் ஓடின, திரையெல்லாம் புள்ளி புள்ளியாக இரைந்தது. பிறகு திடீரென்று வாழையிலை வரிசை. பாயச வாளியோடு என் அப்பா! குனிந்து குனிந்து பரிமாறிக்கொண்டே வந்தவர், வீடியோ எடுத்த பொடியனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, நீர் சாப்பிட்டீரோ?"

"இன்னும் இல்லை, மாமா," என்றார் என் மனிசன், மெல்லிய குரலில்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய்ச் சோறு போட்டேன்.