இரண்டாமவனின் தாய்

என் காக்கா, உடன்பிறந்த அண்ணன், இராணுவத்தில் இருந்தார். வடக்கில் நடந்த சண்டையொன்றில், காயப்பட்ட ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெடிபடும் வெளியைக் கடந்து வந்ததற்காக அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் ஊரான கல்முனையில் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. அவரோடு படித்த தமிழ் நண்பர் ஒருவர் அதே சண்டையில், எதிர்த்தரப்பில் நின்ற தம்பியைப் பறிகொடுத்தவர். கடைத்தெருவில் அவரைக் கண்டால் காக்கா எதிர்ப்பக்கமாக நடந்துவிடுவார்.

ஒரு கால் மடங்காமல் வீடு வந்தவர் கலியாணம் முடிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தார். பதக்கம் அலுமாரியில், உம்மாவின் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

ஒரு நாள் பகல், அம்பாறைப் பக்கமிருந்து சிங்களத் தாயொருவர் பஸ்ஸில் வந்தார். அந்த வெளியில் அன்று காயப்பட்டுக் கிடந்தவர்கள் இருவர். காக்கா தூக்கி வந்தது ஒருவனை. இரண்டாமவன் அங்கேயே இறந்துபோனான். வந்தவர் அவனுடைய அம்மா. தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, “கடைசியில் என் மகன் ஏதாவது கேட்டானா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

காக்கா சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

“தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.”

அந்த அம்மா போகும்போது காக்காவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதன் பிறகு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் காக்கா வந்து நின்றார்.

“நான் தண்ணி குடுக்கல்ல புள்ள.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“வேற என்னத்தச் சொல்ற? கிட்டக் கிடந்தவனத் தூக்கினன். மத்தவன் என்ட பேரச் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பி வாறன் எண்டு சொன்னன். பிறகு மேலதிகாரிமார் என்னப் போக விடல்ல.”

அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

அந்த அம்மா வருடா வருடம் சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத்தோடு வரத் தொடங்கினார். இம்முறை உண்மையைச் சொல்லப்போவதாகக் காக்கா ஒவ்வொரு வருடமும் என்னிடம் சொல்வார். சொன்னதேயில்லை.

போன வருடம் ஒரு நாள் காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரம் நெஞ்சு வலி வந்து காக்கா மௌத்தானார். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடியில் அடக்கினார்கள். செய்தி கேட்டு அந்த அம்மா மறுநாள்தான் வந்து சேர்ந்தார். எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. மதில் வரை அவரைக் கூட்டிப்போய், கபுறு இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கும்பிட்டு நின்றார்.

தண்ணீர் பற்றிய உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர், “கடைசி நேரம் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?” என்று கேட்டார்.

“ஓம், நான் இருந்தன்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிற்கும் இடம் வரை அப்படியே நடந்தோம்.