குருவிநத்தம் விஜயா அக்காவும் அவரைப் பந்தலும்

விஜயா அக்கா போய்விட்டார்.

நேற்றுக் காலை பந்தலில் காய் பறித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள்... முடிந்துவிட்டது.

இன்று குருவிநத்தம் போய் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போதுதான் ஒதியம்பட்டு வந்து சேர்ந்தேன். அழுகையெல்லாம் அங்கேயே தீர்ந்தது, இப்போது கோபம்தான் வருகிறது. ஐம்பத்திரண்டெல்லாம் சாகிற வயசா?

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஒரே கம்பெனி, ஒரே பேக்கிங் செக்‌ஷன், பதினோரு வருஷம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வேலைக்குப் போனால் கேட்டில் நோட்டீஸ். கம்பெனி மூடல். நாங்கள் எல்லோரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழ, அக்கா மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"அழுதா தொறந்துடுவானாடி? துன்னுங்க மொதல்ல. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தப் புரட்டாசியிலேயே ஆற்றோரம் கிடந்த நிலத்தில் பந்தல் போட்டு அவரை விதைத்தார். சுற்றிலும் கரும்புக்காரர்கள் சிரித்தார்கள். பனி இறங்கும்போது பூ, பொங்கலுக்குக் காய்... அதுதான் அக்காவின் திட்டம். அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் மாமா, இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தார். மொத்த வீடும் அந்த ஒரு பந்தலை நம்பித்தான்.

அதைக் கெடுக்கப் பார்த்தது யார்? நான்தான்.

மகள் பிரசவத்துக்காக அக்கா கடலூர் போனபோது பதினைந்து நாள் பந்தலை என்னிடம் விட்டுப் போனார். "தண்ணி மட்டும் வுடு லதா, போதும்" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா... தினமும் ஸ்கூட்டியில் போய்த் தண்ணீர் விட்டேன். கூடவே யூரியாவும் வாங்கி ஒவ்வொரு தூருக்கும் வைத்தேன்.

பந்தல் கரும்பச்சையில் அடர்ந்து எழுந்தது பாருங்கள்! போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன்.

அக்கா வந்தார். அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாடி போட்ட?"

"கொஞ்சூண்டு யூரியா யக்கா. சூப்பரா வந்துருக்குல்ல?"

"சூப்பரா வந்துருக்குது. ஆட்டுக்குப் போடலாம். பூ எங்கடி?"

அப்போதுதான் உறைத்தது. மார்கழி பிறந்தாச்சு, ஊரில் வேலிக்கு வேலி அவரை பூத்துக் கிடக்கிறது, எங்கள் பந்தலில் பேருக்குக்கூட ஒரு பூ இல்லை.

அக்கா திட்டவில்லை என்று சொன்னால் பொய். என் அப்பன் பாட்டன் வரைக்கும் போய் வந்தார். திட்டிக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி, இலைகளைக் கிள்ளி எறிய ஆரம்பித்தார். தண்ணீரையும் நிறுத்தினார்.

இலையைக் கழித்தால்தான் கொடிக்குப் பூக்கிற புத்தி வருமாம். மூன்று நாள், நாங்கள் இரண்டு பேரும். விரலெல்லாம் பச்சை.

ரோட்டில் போன ஒருவர், "இன்னாமா, கொடிக்கு மொட்ட போடறீங்க? வேண்டுதலா?" என்றார்.

"ஆமா, இவளுக்கும் சேத்துப் போடப் போறேன்" என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. "ஊதா ஊதாவா குத்தி நிக்குதுடி. வந்து பாரு." அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. பொங்கலைத் தவறவிட்டோம், ஆனால் மாசி வரைக்கும் காய் ஓயவில்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்து பந்தலையே சாய்த்துவிட்டது. கொடியெல்லாம் அழுகல். விட்டுவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

"ஆறு அது வேலயப் பாக்குது. நாம நம்ம வேலயப் பாப்போம்" என்று அக்கா சேற்றில் இறங்கி மூங்கிலை நட்டு, மறுபடி விதைத்தார். கார்த்திகைக் கடைசியில் எவளாவது அவரை போடுவாளா? போட்டார். பனி இறங்கிவிட்டதால் கொடி முழங்கால் உயரம் ஏறுவதற்குள் பூத்துவிட்டது. காய் கொஞ்சம்தான் வந்தது, ஆனால் வந்தது.

இது மூன்றாவது பந்தல். இப்போது மார்கழிப் பனி, காய் சரம் சரமாகத் தொங்குகிறது. போய்ப் பாருங்கள், அப்படி ஒரு காய்.

இன்று சாவு வீட்டில் மாலையோடு நின்றேன். அக்காவின் நாத்தனார் என்று நினைக்கிறேன், "நீ இன்னா மொறமா?" என்றார்.

"கூட வேல செஞ்சவ."

"ஓ... சொந்தம் இல்லயா. அப்போ அப்பிடி ஓரமா நில்லு." சுருக்கென்றது. நின்றேன்.

எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் கிளம்பவில்லை. சாயங்காலம் காரியம் முடிந்து வந்த மாமா பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கருமாதி முடியற வரைக்கும் சொந்தக்காரங்க யாரும் கொடியத் தொடக் கூடாதாம். தீட்டாம். பதினாறு நாளுல எல்லாம் முத்திப் பூடும். முத்துன காய் நின்னா புதுப் பூ வராதுன்னு அவ சொல்லுவா... போவட்டும் வுடு லதா. ஆளே போயிட்டா."

போகட்டுமா? எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்.

"மாமா, தீட்டு சொந்தக்காரங்களுக்குத்தான? நான்தான் சொந்தம் இல்லன்னு சொல்லிட்டாங்களே. எனக்கு இன்னா தீட்டு?"

அவர் என்னையே பார்த்தார். அதுவரை அழாத மனுஷன், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "காய் பறிக்கிற கூட கொட்டாயில இருக்குது" என்றார்.

பேக்கிங் செக்‌ஷன் குரூப்பில் மெசேஜ் போட்டுவிட்டேன். ஆறு பேர் வருகிறார்கள். ஒருத்தி கூட அக்காவுக்குச் சொந்தம் கிடையாது.

நீங்க கெளம்புங்க யக்கா. காலையில ஆறு மணிக்கு நாங்க பந்தல்ல இருப்போம்.