டப்பாவை இழுக்கும் பொம்மை

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பதும், வருகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதும்தான் என் வேலை. படித்தது பத்தாவது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பட்டாசு ஆலைப் பாதுகாப்பு பற்றி ஒரு வகுப்பு ஏற்பாடு செய்யப்போவதாகச் சொல்லிக் காப்பாட்சியர் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பட்டாசு வேலை பாத்தவங்க நீங்கதான். என்னென்ன தப்பு நடக்கும்னு நீங்களே சொல்லுங்க."

சொல்ல வராது, செய்துகாட்டுகிறேன் என்றேன். அட்டையில் ஒரு வெடிமருந்து அறை செய்தேன். உள்ளே கம்பியிலும் துணியிலும் ஆறு பொம்மைகள். பிள்ளைகள் சுற்றி நின்று தப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர். ஒரு கதவை மறித்து அட்டைப்பெட்டிகள். கடைசியாக, மருந்து டப்பாவைத் தரையில் இழுக்கும் ஒரு பெண். இரண்டு பேர் ஆளுக்கொரு பிடி பிடித்துத் தூக்கவேண்டிய டப்பா அது. உரசினால் தீப்பிடிக்கும்.

அந்தப் பொம்மையை இரண்டு தடவை பிரித்துச் செய்தேன். நான் வேலை பார்த்த அறை அப்படித்தான் வெடித்தது. நான் வெளியே இருந்தேன். சுவர் என்னைத் தாண்டிப் பறந்தது. எழுந்து பார்த்தபோது அறை இருந்த இடத்தில் தரைதான் இருந்தது. வேலிக்கருவை முள்மரங்களில் சேலைத் துணிகள் எரிந்துகொண்டிருந்தன. துணி மட்டும் இல்லை. ஐந்து பேர். கொலுசை வைத்து ஒருத்தியை நான்தான் அடையாளம் காட்டினேன்.

முதல் மூன்று பள்ளிகள் வந்து சிரித்துப் பேசிப் போயின. நாலாவதாக ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பொம்மையைப் பார்த்ததும் ஒரு பையன் சொன்னான், "ஏலே, இது இவ அம்மாலே. டப்பாவ இழுத்து அம்புட்டுப் பேரையும் கொன்னாள்ல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் காட்டிய பெண் மெலிந்தவள். வாத்தியார் சுவரில் சாய்த்து வைத்திருந்த பிரம்பை அவள் எடுத்து அவன் வாயில் அடித்தாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் குனிந்ததும் முதுகில் அடித்தாள். பிறகு அட்டை அறையை அடித்து நொறுக்கினாள். நான் பின்னாலிருந்து பிடித்தேன். என் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தாள். நான் விடவில்லை.

"யாரு இத செஞ்சது?"

"நாந்தாம்மா. அந்த ரூம்ல நானும் வேல பாத்தேன்."

அவள் திமிறுவதை நிறுத்தினாள். பிடியை விட்டதும் திரும்பினாள். "எங்கம்மாதான் இழுத்தாளா?"

விசாரணைக்கு வந்தவர்களிடம் அப்படிச் சொன்னது நான்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

"இழுத்தா. அதுக்கு முன்னாடி என்னக் கூப்பிட்டா. ஒரு கை பிடிங்க மதினின்னு சொன்னா. மருந்தடைச்சு இந்தத் தட்டு முடியட்டும்னு நான் எந்திரிக்கல. லோடு வண்டி நிக்கிதுன்னு போர்மேன் கத்திக்கிட்டே இருந்தாரு."

"அந்தத் தட்டு முடிஞ்சுச்சா?"

"முடிஞ்சுது. வெயில்ல வச்சிட்டு வந்து பிடிப்போம்னு தட்டத் தூக்கிட்டு வெளிய போனேன். திரும்பிப் பாத்தா, அவ தனியா இழுத்துக்கிட்டிருக்கா."

அவள் என் கன்னத்தில் அறைந்தாள். சார் ஓடி வந்தார். விடுங்க சார் என்றேன். இன்னொரு அறை விழுந்தது. அதன்பிறகுதான் அழுதாள்.

பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பி வந்து, "இத எங்க ஊர்ல வந்து சொல்வீகளா?" என்றாள்.

"கூட்டத்துல எனக்குப் பேச்சு வராதும்மா."

"என்னைய மட்டும் கூட்டத்துலதான சொல்லுதாக."

ஞாயிற்றுக்கிழமை போனேன். ரேஷன் கடை வாசலில் இருபது பேர் இருக்கும். அவளும் அவள் அப்பாவும் என் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் என் பேரைச் சொன்னதோடு நின்றுவிட்டேன். மூன்றாம் தடவை, தட்டு வரைக்கும் வந்துவிட்டேன். செத்துப்போன இன்னொருத்தியின் புருஷன் என் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி விலாவில் மிதித்தான். யாரும் தடுக்கவில்லை. அவனே மூச்சு வாங்கி நின்றான்.

மண்ணைத் தட்டாமல் எழுந்து, போர்மேன் கத்தியதிலிருந்து மிச்சத்தையும் சொன்னேன்.