மூன்று பெயர்களோடு முடித்த சோதனை

“பதினோரு வருஷமா வரேன்லா, என் பேரு இல்லையா?”

பெர்மாஸ் ஜெயா கிளினிக் கவுண்டரில் செல்லையா அங்கிள் இப்படிக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். நோயாளிகளின் பதிவுகளை முந்தைய நாள்தான் புது சர்வருக்கு மாற்றியிருந்தேன்.

கவுண்டர் கலா அக்கா இரண்டு முறை தேடிவிட்டு என்னைப் பார்த்தார். “காட்டலயேம்மா?”

“சிஸ்டத்துல இல்லன்னா இல்லதான்க்கா. புதுசா போட்டுடுங்க.”

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நான் செய்த வேலையில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டர் அலர்ஜி பற்றிக் கேட்டிருக்கிறார். “எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குமே டாக்டர்,” என்றாராம் அங்கிள். பென்சிலின் ஆகாது என்ற குறிப்பு பழைய பதிவில் இருந்தது. கலா அக்கா போட்ட புதியதில் இல்லை. டாக்டர் எழுதிய பென்சிலினில் முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினார் அங்கிள். சிறிது நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இரைக்க ஆரம்பித்தது. டாக்டர் ஊசி போட்டு ஆம்புலன்ஸில் அனுப்பினார்.

என் மேலாளர் ரவி அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“இண்டெக்ஸ ரீபில்ட் பண்ணியாம்மா?”

“இல்லண்ணே. மூணு பேரைத் தேடிப் பாத்தேன், வந்துச்சு.”

“யார் யாரு?”

“ஒரு அகமட், ஒரு டான், அப்புறம் சோதனைக்குப் போட்டுவச்ச என் பேரு.”

“உன் முழுப் பேரா?”

எங்கள் நாட்டு அடையாள அட்டையில் ‘மகள்’ என்று குறிக்கும் ஏ/பி-யையும் அப்பா பெயரையும் வேலையில் சேர்ந்த நாளிலேயே விட்டுவிட்டிருந்தேன். சுருக்கமான பெயர்தான் ஆபீசுக்கு அழகு என்று நினைப்பு.

எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி புது சர்வரில் மாறியிருந்தது. சாய்கோட்டுக்கு (/) வேறு இடம். பெயர் தேட உதவும் அட்டவணையான இண்டெக்ஸோ பழைய வரிசையிலேயே கிடந்தது. அதனால் ‘மகன்’ என்னும் ஏ/எல், ஏ/பி உள்ள பெயர்கள் சிலவற்றை, உள்ளே பத்திரமாக இருந்தும், சர்வர் தவறான இடத்தில் தேடி ‘இல்லை’ என்றது. நான் சோதித்த மூன்று பெயரிலும் சாய்கோடே இல்லை. அன்று அதை ரீபில்ட் செய்ய, அதாவது புது விதிப்படி திரும்ப அடுக்க, இருபது நிமிடம் பிடித்தது. சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று பெயர் வாங்க, அந்த இருபது நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீக்கம் முழுதாக வடியாத முகத்தோடு அங்கிள் சிரித்தார்.

“என் பேரு ரொம்ப நீளம்லா. கம்ப்யூட்டருக்கே அலுத்துப் போச்சு போல.”

நானும் சிரித்தேன். உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எந்த சர்வரை மாற்றினாலும் முதலில் ரீபில்ட், பிறகுதான் சோதனை. சோதனையில் முதலில் தேடுவது, மாற்றும் முன் நானே பதிந்துவைக்கும், அப்பா பெயரோடு சேர்ந்த என் முழுப் பெயரை. அது ஒவ்வொரு முறையும் சரியாக வந்துவிடுகிறது. அங்கிள் மட்டும் கவுண்டருக்கு வரும்போதெல்லாம், “நீளமான பேரும்மா, பாத்துத் தேடு,” என்று இன்னும் மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்கிறாராம்.