உறிஞ்சாத குழி

குளியலறையில் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் மேலே ஏறி வந்த காலையில் குழியக்கா கையிலிருந்த வாளியைச் சுவரில் ஓங்கி அடித்தாள். வாளி பிளந்ததுதான் மிச்சம், ஆத்திரம் அடங்கவில்லை. கழிப்பறையிலிருந்து குபுகுபுவென்று பொங்கிய அசிங்கம் நடையைத் தாண்டி, தம்பி மகளின் பள்ளிக்கூடப் பையை நனைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, நகருங்க, கால்ல படுது" என்றாள் தம்பி மனைவி, துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"படட்டும்! இந்தக் கால வச்சுக்கிட்டுத்தான் இடம் பாத்த அந்த ஆபீசர் மேசை முன்னால போய் நிக்கப்போறேன்."

வனக்காவலர்களுக்கென்று மலைச்சரிவில் கட்டிய இருபத்து நான்கு வீடுகளில் ஒன்று அது. தம்பிக்குக் கொடுத்த வீடு. கல்யாணப் பேச்சையெல்லாம் தட்டிக் கழித்தே ஐம்பதைத் தாண்டிவிட்ட அக்காளும் அவர்களோடுதான் இருந்தாள். குடிவந்த ஆறாம் மாதம் முதல் மழை. மழை தொடங்கிய பத்தாம் நாள், மேல் வரிசையில் ஒரு வீட்டில் பொங்கியது. இரண்டே வாரத்தில் எல்லா வீட்டிலும் பொங்கியது.

குழியக்கா என்பது தொழிலால் வந்த பெயர். மண் ஆய்வு அலுவலகத்துக்குப் பத்தொன்பது வருடமாகக் குழி வெட்டுகிறவள். ஆள் உயரக் குழி. ஒரு பக்கம் அதிகாரி இறங்கப் படி, எதிர்ப்பக்கம் கத்தியால் சீவியதுபோல நேர்ச்சுவர். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அதிகாரிகள் எழுதுவார்கள். பெரும்பாலானவர்கள் மேலே நின்றபடி, "கீழ என்ன நிறம்கா? ஈரமா இருக்கா?" என்று கேட்டே எழுதிவிடுவார்கள். குழிக்குள் நின்று பதில் சொல்கிறவள் அவள். எழுத்தெல்லாம் அவர்கள் பெயரில்.

அந்த மலைக்காட்டு மண் அவளுக்கு அத்துப்படி. மேலே ஒரு சாண் கறுப்பு மண். இலை மக்கி, பொலபொலவென்று, எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். அதற்குக் கீழே பழுப்பாகி, முழங்கால் ஆழத்தில் செம்பழுப்புக் களி. கட்டியை உடைத்தால் மூலை மூலையாக உடையும். உடைந்த முகம் எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். மேலிருந்து மழை கரைத்துக் கொண்டுவந்த நுண்களி வருடக்கணக்காக அங்கே படிந்து மெழுகியிருக்கும். மர வேர்கூட அதற்குள் போகத் தயங்கிப் பக்கவாட்டில் ஓடும். கோடையில் இறுகி, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். கடப்பாரை போட்டால் 'ணங்' என்னும். மழையில் வெடிப்பெல்லாம் ஊதி மூடிக்கொள்ளும். அதற்கப்புறம் ஒரு சொட்டு இறங்காது. மண்வெட்டியைக் குத்தினால் திருப்பித் தராது.

வீடுகள் கட்டுமுன் இடம் பார்க்க வந்தவர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த அதிகாரி. பூட்ஸில் ஒரு பொட்டு மண் ஒட்ட விடமாட்டார். அதனால் பூட்ஸ் சார். கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கிப் போக உறிஞ்சுகுழி வெட்டலாமா என்று சோதிக்க வேண்டும். குழியில் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதுதான் சோதனை. கடும் கோடை. ஆறு குழி வெட்டினாள். ஊற்றிய தண்ணீர் அரைமணி நேரத்தில் வெடிப்புகளுக்குள் ஓடி மறைந்துவிட்டது.

"பிரமாதம்" என்றார் பூட்ஸ் சார்.

"சார், இது வெடிப்புல ஓடின தண்ணி. மண்ணு குடிக்கல. நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, நாளைக்கு மறுபடி ஊத்திப் பாருங்க. அப்பத்தான் உண்மை தெரியும்."

"நாளைக்கு நான் வேற மலைக்குப் போகணும்கா. தண்ணி இறங்கிச்சா இல்லையா? கண்ணால பாத்தீங்கல்ல? சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். இறங்கியதென்னவோ உண்மைதானே என்று போட்டாள்.

இப்போது அந்த அசிங்கம் காய்ந்த காலோடு அவள் அலுவலகத்தில் போய் நின்றபோது, பூட்ஸ் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"குடியிருப்புல இருக்கறவங்க தண்ணிய அளவோட செலவு பண்ணணும்கா. கண்டதையும் உள்ள போடறாங்க. அதான் நோட்டீஸ் ஒட்டச் சொல்லியிருக்கேன்."

நோட்டீஸை அவள் பார்த்திருந்தாள். கழிப்பறையில் எப்படி உட்கார வேண்டும், எத்தனை குவளை ஊற்ற வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இருபத்து நான்கு வீட்டுக் கதவிலும் ஒட்டியிருந்தார்கள். தம்பி மனைவி அதைப் படித்துவிட்டு அவமானத்தில் அழுதிருந்தாள்.

"எங்களுக்கு உக்காரத் தெரியாதா சார்? ஊறவச்சுப் பாக்கச் சொன்னேனா இல்லையா?"

அவர் பீரோவைத் திறந்து படிவத்தை எடுத்து அவள் முன் போட்டார். "இது யாரு கையெழுத்து? நீங்களும் பாத்துட்டுத்தானே போட்டீங்க?"

குழியக்கா குனிந்து படித்தாள். அவள் கையெழுத்துதான். அதற்கு மேலே ஒன்பது குழி என்று எழுதியிருந்தது. ஆறுதான் வெட்டினாள். மீதி மூன்றுக்கும் அளவு, நேரம், நிறம் எல்லாம் நிரப்பியிருந்தது. வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். பாதித் திட்டு தனக்கு. படிக்காமல் போட்ட கைக்கு.

"அக்கா, இதோட விட்டுடு. என் வேலைக்கு உலை வச்சுடாதே" என்றான் தம்பி.

"உன் வேலை இருக்கட்டும்டா. உன் பொண்ணு மலத்த மிதிச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறா. அது உனக்குப் பரவாயில்லையா?"

தம்பி எழுந்து வெளியே போனான். அப்புறம் பல நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இருபத்து நான்கு வீட்டுப் பெண்களும் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு எழுதிய பிறகு, தலைமைப் பொறியாளர் அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தின நாளே குழியக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஊறவிட்டாள். மறுநாள் காலையில் ஜீப் வந்து நின்றபோது, இறங்காமல் நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு, குழிக்குள் அடையாளக் கோடு போட்ட குச்சியை நட்டுக் காத்திருந்தாள்.

"மேடம், இந்தக் கோடு வரைக்கும் ஊத்தறேன். நீங்களே கடிகாரத்தப் பாருங்க."

"மேடத்துக்கு நேரமில்லைக்கா" என்று குறுக்கே வந்தார் பூட்ஸ் சார். "மழைக்காலத்துல எந்த மண்ணும் இப்படித்தான் மேடம்."

"மழைக்காலத்துல நாங்க கக்கூஸ் போகக் கூடாதா சார்?"

பெண்கள் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பொறியாளர் அம்மா சிரிக்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். அரைமணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. கோட்டுக்குக் கீழே நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. குழியக்கா அடியிலிருந்து ஒரு பிடி களியை அள்ளி உள்ளங்கையில் திரித்தாள். நூலாக நீண்டது. அதை வளைத்து மோதிரம்போலாக்கி அவரிடம் நீட்டினாள். ஒரு விரிசல் இல்லை.

"இந்த மண்ணுல சட்டி பண்ணலாம் மேடம். கழிவுநீர் விட முடியாது."

பொறியாளர் அம்மா பூட்ஸ் சாரிடமிருந்து படிவத்தை வாங்கிப் புரட்டினார். "ஒன்பது குழி. நீங்கதானே வெட்டினீங்க?"

"ஆறு. மீதி மூணு எங்க இருக்குன்னு சாரைத்தான் கேக்கணும். கீழ என் கையெழுத்தும் இருக்கு மேடம். படிக்காம போட்டது என் தப்பு. அதுக்கு என்ன செஞ்சாலும் செய்ங்க. ஆனா மொதல்ல அந்த நோட்டீஸக் கிழிக்கச் சொல்லுங்க."

நோட்டீஸ்களை அன்றே கிழித்தார்கள். அந்த ஒன்றுதான் உடனே நடந்தது. மற்றதற்கெல்லாம் எட்டு மாதம் பிடித்தது. அதுவரை வாரம் ஒருமுறை லாரி வந்து உறிஞ்சி எடுத்துப் போயிற்று. லாரி தாமதமான வாரங்களில் வீடுகளில் பொங்கிற்று. கடைசியில் குழாய் போட்டு, சரிவின் அடிவாரத்தில், தண்ணீர் வடிந்து போகும்படி மணலும் சரளையும் கொட்டி உயர்த்திய திட்டுக்குக் கழிவுநீரைத் திருப்பினார்கள். பூட்ஸ் சாருக்குத் தண்டனை என்று சொல்லித் தலைநகருக்கு மாற்றல் கொடுத்தார்கள். அவர் கேட்டு வாங்கியிருந்தாலும் அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. குழியக்காவைத்தான் ஐந்து மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஆறாம் மாதம் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. பக்கத்து மலையில் ஆஸ்பத்திரி கட்ட இடம் பார்க்கிறார்களாம். பேசியவர் புது அதிகாரி.

"வர்றேன் சார். ஆனா இது ரெண்டு நாள் வேலை. மொத நாள் ஊறவைக்கணும், மறுநாள்தான் அளக்கணும். ஒரே நாள்ல முடிக்கணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

"சரிக்கா, ரெண்டு நாளே வச்சுக்கலாம்" என்றது மறுமுனைக் குரல்.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியவளின் முகத்தைப் பார்த்து, "என்ன அண்ணி, ஒத்துக்கலையா?" என்று பயந்துபோய்க் கேட்டாள் தம்பி மனைவி.

"ஒத்துக்கிட்டான். ஒரே வார்த்தையில ஒத்துக்கிட்டான்" என்றாள் குழியக்கா, பல்லைக் கடித்தபடி. "இவ்வளவு சுலபமான ஒரு 'சரி'ய அந்தப் பாவி அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"